காந்தத் துகள்: பீக்கரில் காந்தத்துக்கு வராது, மணலில் தண்ணீரோடு போகாது. ஏன்?

மணல்கடிகாரம் எழுதியது:

வணக்கம். மேக்னடைட், அதாவது காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு, நானோ துகளாகச் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு இரும்பு உப்புகளையும் காரத்தில் சேர்த்து வீழ்படிவாக்கும் வழக்கமான முறைதான், மேலே சிட்ரிக் அமிலப் பூச்சு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சராசரி 10 நானோமீட்டர். அயனி நீக்கிய நீரில் கரும்பழுப்பாக, அடியில் எதுவும் தங்காமல் வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது. பீக்கரை ஒட்டி நல்ல நியோடிமியம் காந்தம் ஒன்றை வைத்து இரவு முழுக்க விட்டாலும் நிறம் மாறவே இல்லை. பூச்சு இல்லாத பழைய சரக்கை அதே காந்தத்திடம் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிடுகிறது.

சரி, காந்தத்துக்கு வராவிட்டால் மணலிலாவது சுலபமாகப் போகும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. 10 செ.மீ. நீளக் கண்ணாடிக் குழாயில் 0.3 மி.மீ. மணல், சிரிஞ்ச் பம்ப் வைத்து நாளுக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர். துகள் ஏற்றியதும் நுழைவாயிலில் ஒரு கறுப்பு வளையம் கட்டுகிறது, மெல்ல 2 செ.மீ. வரை இறங்குகிறது, அதற்குக் கீழே மணல் பழைய நிறத்திலேயே இருக்கிறது. வெளியே வருவது கிட்டத்தட்ட தெளிந்த தண்ணீர். மணல் இடுக்குகள் துகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவை அல்லவா, எப்படி அடைக்கிறது?

துகளை மணல் வழியாக அனுப்பி மறுமுனையில் காந்தத்தால் மீட்டெடுப்பதுதான் திட்டம். இரண்டும் தலைகீழாக நடக்கிறது.


விசைப்பலகை எழுதியது:

முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன், மணல் சமாச்சாரத்தை அது தெரிந்தவர்களுக்கு விடுகிறேன்.

காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது துகளை இழுக்காது, திருப்பி நிறுத்தும், அவ்வளவுதான். இழுப்பது புலத்தின் சரிவு, அதாவது ஒரு மீட்டருக்கு எத்தனை டெஸ்லா மாறுகிறது என்பது. கையில் பிடிக்கும் காந்தத்துக்குப் பக்கத்தில் மீட்டருக்கு 30 டெஸ்லா என்று வைத்துக்கொள்ளுங்கள், தாராளமான கணக்குதான். 10 நானோமீட்டர் மேக்னடைட் துகளின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 2.4 × 10⁻¹⁹ ஆம்பியர் மீ². இரண்டையும் பெருக்கினால் விசை ஏறத்தாழ 7 × 10⁻¹⁸ நியூட்டன். தண்ணீரின் பாகியல் தடையை ஸ்டோக்ஸ் விதிப்படி எதிரே வைத்தால் துகள் நகரும் வேகம் நொடிக்கு 0.08 மைக்ரோமீட்டர். 1 செ.மீ. கடக்க ஒன்றரை நாள்.

இது போதாதென்று பிரௌனியன் இயக்கம் வேறு. அதே துகளை நீர் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதில் ஒரே நொடியில் சராசரியாக 9 மைக்ரோமீட்டர் இங்குமங்கும் போய்விடுகிறது. காந்தம் இழுத்த தூரம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நீண்ட நேரம் காத்திருந்தால் காந்தம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் இழுப்பு நேரத்தோடு நேராகக் கூடும், இப்படி இடிபட்டுப் பரவும் விரவல் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடும். அப்போதும் துகள்கள் சுவரில் ஒட்டிய கட்டியாக வராது, காந்தப் பக்கம் அரை மி.மீ. தடிமனுக்கு அடர்ந்த ஒரு மேகமாகத்தான் நிற்கும். காந்தத்தை எடுத்தால் மறுபடி கரைந்துபோகும்.

பூச்சில்லாத சரக்கு ஏன் ஓடி வந்தது? அது 10 நானோமீட்டராக இல்லை. விசை கன அளவோடு கூடுகிறது, தடை விட்டத்தோடுதான் கூடுகிறது, ஆக வேகம் விட்டத்தின் வர்க்கமாக ஏறும். பாதிக் கன அளவு மேக்னடைட்டாக உள்ள 1 மைக்ரோமீட்டர் திரளுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 400 மைக்ரோமீட்டர், 1 செ.மீ. கடக்க 25 நொடி. உங்கள் ஒரு நிமிடக் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.


நிழல்நூல் எழுதியது:

விசைப்பலகை சொல்வது தனித் துகளுக்குச் சரி. ஆனால் 2006-ல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 12 நானோமீட்டர் மேக்னடைட்டைக் குறைந்த சரிவுள்ள காந்தத்தாலேயே தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்டினார்களே, ஆர்சனிக் நீக்குவதற்காக? சயின்ஸ் இதழில் வந்தது. உங்கள் கணக்குப்படி அது நடக்கவே கூடாது. நடந்ததா இல்லையா?


விசைப்பலகை எழுதியது:

நடந்தது. அதனால்தான் ‘தனித் துகள்’ என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது.

புலம் வந்ததும் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நிற்கின்றன. அப்போது ஒன்றின் வட முனை அடுத்ததன் தென் முனையைப் பார்க்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது வரும், சங்கிலி நீளும். இந்த ஒட்டுதலின் ஆற்றல் வெப்ப ஆற்றலைவிடப் பெரிதா சிறிதா என்பதுதான் கேள்வி. பூச்சே இல்லாத இரண்டு 10 நானோமீட்டர் துகள்கள் உரசிக்கொண்டு நின்றால் இந்த விகிதம் 3-க்குச் சற்றுக் கீழே. மேலே 2 நானோமீட்டர் பூச்சு ஏறினால் மையங்களுக்கிடையே தூரம் 14 ஆகிறது, விகிதம் 1-க்கு இறங்கிவிடுகிறது, சங்கிலி கட்டியதும் வெப்பம் பிரித்துவிடும். இதுவே 20 நானோமீட்டர் துகளென்றால் 8 மடங்கு, அதாவது 20-க்கு மேல். 10-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ கதை மொத்தமாக மாறுகிறது, 12 அந்த விளிம்பில் இருக்கும் அளவு. உங்கள் மாதிரியில் சராசரி 10 என்றால் அதற்குள் 15-ம் இருக்கும், 6-ம் இருக்கும். பெரியவை சங்கிலி கட்டிப் போகும், சிறியவை நிறமாகத் தங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. காந்தத்தின் அருகே துகள் அடர்ந்ததும் அந்தப் பக்கத் திரவம் கனத்து இழுபட்டு பீக்கருக்குள் ஒரு சுழற்சியே உண்டாகிறது, அது தொலைவில் இருப்பவற்றையும் காந்தத்தின் அருகே கொண்டுவருகிறது. அதனால் நிஜத்தில் நேரம் என் கணக்கைவிடக் குறையலாம். துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் கணினியில்தான் தீர்க்க வேண்டும்.


அடிநீர் எழுதியது:

மணல் பக்கத்துக்கு நான் வருகிறேன், நிலத்தடி நீரில் நானோ இரும்பு செலுத்துவதோடு பல வருடப் பழக்கம்.

முதலில் ‘இடுக்கு பெரிது, துகள் சிறிது, எனவே போய்விடும்’ என்ற எண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள் தம்பி. மணல் சல்லடை இல்லை. 0.3 மி.மீ. மணலில் மிகக் குறுகிய கழுத்தே சுமார் 45 மைக்ரோமீட்டர், உங்கள் துகள் அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அளவால் அடைபட வாய்ப்பே இல்லை. துகள் தங்குவது மணலின் மேல்பரப்பில் ஒட்டி.

இதற்கான கோட்பாட்டை யாவ், ஹபிபியன், ஓமேலியா மூவரும் 1971-ல் எழுதினார்கள், இன்றும் அடித்தளம் அதுதான். துகள் மணியின் மேல் எத்தனை முறை மோதுகிறது என்பது ஒன்று, மோதியவற்றில் எத்தனை ஒட்டுகின்றன என்பது இன்னொன்று, இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. வேடிக்கை என்னவென்றால் சிறிய துகள்தான் அதிகம் மோதுகிறது. 1 மைக்ரோமீட்டர் அளவில் மோதல் மிகக் குறைவு, அதைவிடப் பெரிதானால் எடையாலும் உருவத்தாலும் மோதும், சிறிதானால் விரவலால் மோதும். உங்கள் 10 நானோமீட்டர் துகள் 50 மைக்ரோமீட்டர் இடுக்கைக் குறுக்கே விரவிக் கடக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் அதை முன்னே கொண்டுபோவது 0.3 மி.மீ., சரியாக ஒரு மணல்மணியின் நீளம். அதாவது ஏறத்தாழ ஒவ்வொரு மணியிலும் ஒருமுறை சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. 10 செ.மீ. குழாயில் வரிசையாக 300 மணிகள், ஆக 300 மோதல்.

நூறு மோதலுக்கு ஒன்று ஒட்டினால்கூட மறுமுனைக்கு வருவது 5 சதவீதம்தான். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 74 சதவீதம் வரும். உங்களுக்கு 2 செ.மீ.-யிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதென்றால் நூற்றுக்கு ஐந்துக்கு மேலாவது ஒட்டுகிறது. இப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் தண்ணீரை ஓட்டினீர்கள்?


மணல்கடிகாரம் எழுதியது:

குழாயில் ஓடியது அயனி நீக்கிய நீர் இல்லை. நிலத்தடி நீர் மாதிரி இருக்கட்டும் என்று 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பிஎச் 7. மணல் வாங்கியபடியே, தண்ணீரில் மட்டும் கழுவியது. இன்னும் பருத்த மணல் போட்டால் சரியாகுமா?


அடிநீர் எழுதியது:

பருத்த மணல் மோதல்களைக் குறைக்கும், ஒட்டுவதைக் குறைக்காது. கால்சியத்தை விட்டுவிட்டு மணலை மாற்றுவது வேரை விட்டுவிட்டு இலையை வெட்டுகிற வேலை.


கூழ்மக்காரி எழுதியது:

கால்சியம் என்றதும் எனக்கு வேலை வந்துவிட்டது.

மேக்னடைட்டின் மேல்பரப்புக்கு மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச் ஏறத்தாழ 6.5-லிருந்து 8 வரை, தயாரிப்பைப் பொறுத்து. மணலுக்கு அதாவது சிலிக்காவுக்கு அது 2, 3 பக்கம். எனவே பிஎச் 7-ல் மணல் நன்றாக எதிர் மின்னூட்டத்தில் இருக்கும், வெறும் மேக்னடைட்டோ நடுநிலையில் அல்லது லேசான நேர் மின்னூட்டத்தில். தள்ளிவிட எதுவும் இல்லை, ஒட்டும். சிட்ரேட் பூச்சு இதற்காகத்தான்: கார்பாக்சிலேட் முனைகள் துகளையும் எதிர் மின்னூட்டமாக்கி மணலிடமிருந்தும் ஒன்றையொன்றிடமிருந்தும் விலக்கி வைக்கின்றன.

அந்த விலக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்பது உப்பைப் பொறுத்தது. 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் டிபை நீளம், அதாவது விலக்கம் எட்டும் தூரம், 9.6 நானோமீட்டர், துகளின் விட்டத்தளவு. உங்கள் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் அயனி வலிமை 6 மில்லிமோலார், டிபை நீளம் 4 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே. கடல் நீரில் அரை நானோமீட்டருக்கும் குறைவு. விலக்கம் சுருங்கச் சுருங்க வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு உள்ளே புகுந்துவிடும், இதுதான் டிஎல்விஓ கோட்பாடு சொல்வது.

ஆனால் 4 நானோமீட்டர் என்பது அத்தனை மோசமில்லை, வெறும் சோடியமாக இருந்தால் பாதியாவது வெளியே வந்திருக்கும் என்பது என் ஊகம். கால்சியத்தின் குறும்பு வேறு. இரட்டை மின்னூட்டமுள்ள அயனி கூழ்மத்தை, அதாவது நீரில் மிதக்கும் நுண்துகள்களை, திரள வைக்க ஒற்றை மின்னூட்ட அயனியைவிட மிகக் குறைந்த செறிவே போதும், ஷுல்ஸே-ஹார்டி விதிப்படி 64 மடங்கு வரை குறையலாம். அதற்கு மேல், கால்சியம் கார்பாக்சிலேட்டை நேரடியாகவே பற்றிக்கொள்கிறது. ஒரு கை துகளின் சிட்ரேட்டில், மறு கை மணலில் அல்லது இன்னொரு துகளின் சிட்ரேட்டில். பாலம் கட்டிவிடுகிறது.

சிட்ரேட்டுக்கு இன்னொரு பலவீனம்: அது சின்ன மூலக்கூறு, பிடி லேசானது. நீர்த்தால், திரும்பத் திரும்பக் கழுவினால் கழன்று போகும். பாலிஅக்ரிலிக் அமிலம், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் போன்ற நீள மூலக்கூறுகள் பல இடங்களில் பற்றுவதால் அவ்வளவு சுலபமாக விடாது. மின்னூட்ட விலக்கத்தோடு உடல் ரீதியாகவும் இடைவெளி வைத்திருக்கும். ஆனால் அதற்கும் விலை உண்டு: பூச்சோடு சேர்த்து விட்டம் 30 நானோமீட்டர் ஆனால் தண்ணீரின் தடை 3 மடங்கு, காந்த விசையோ பழையபடியே. விசைப்பலகையின் ஒன்றரை நாள் நாலரை நாளாகிவிடும்.


நிழல்நூல் எழுதியது:

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கறுப்பு வளையம் கட்டிய அதே குழாயில் அயனி நீக்கிய நீரை ஓட்டிப் பாருங்கள். லேசாக ஒட்டிய துகள்கள் அப்படியே கிளம்பி வந்தால் உப்பு மட்டும்தான் காரணம். அசையாமல் இருந்தால் கால்சியம் பாலம். அப்போது நீர்த்த இடிடிஏ கரைசலை ஓட்டுங்கள், அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.


தாமிரத்தட்டு எழுதியது:

குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினால் தண்ணீரே காந்தமாகி துகளைத் தள்ளிக்கொண்டு போகும் என்று எங்கோ படித்தேன். முயற்சி செய்தீர்களா?


விசைப்பலகை எழுதியது:

தண்ணீர் டயாகாந்தப் பொருள், காந்தம் அதை மிக லேசாக விலக்கும், அவ்வளவுதான். காந்தத்தை எடுத்த மறுகணம் அதில் எந்த நினைவும் மிஞ்சாது. அதை விற்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி.


பனைமரம் எழுதியது:

அப்படியானால் நேரான வழியே இருக்கிறதே. மணலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய காந்தத்தை வைத்து துகளை நாம் விரும்பிய திசையில் இழுத்துக்கொண்டு போகலாமே? மருந்து செலுத்துவதில் இப்படித்தான் உடலுக்குள் கொண்டுபோகிறார்கள் என்று செய்திகளில் வருகிறது.


விசைப்பலகை எழுதியது:

தூரம்தான் எதிரி. காந்தத்தின் அளவைவிடத் தள்ளிப் போனால் புலம் தூரத்தின் கனத்தால் குறையும், சரிவோ நான்காம் அடுக்கால் குறையும். தூரம் இரட்டித்தால் இழுப்பு 16-ல் ஒன்று. ஒரு மீட்டர் மண்ணுக்கு அப்பால் கைக்காந்தம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அப்புறம் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள்: நாளுக்கு 1 மீட்டர் என்ற மெதுவான நிலத்தடி ஓட்டமே நொடிக்கு கிட்டத்தட்ட 12 மைக்ரோமீட்டர். காந்தத்தை ஒட்டி நிற்கும் துகளுக்கே நான் சொன்னது 0.08.

உடல் விஷயத்திலும் இதே கட்டுப்பாடுதான். தோலுக்கு அருகில் உள்ள கட்டிக்கு வெளிக்காந்தம் உதவும். ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியில் துகள்களைக் குவிக்க நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும் முடியாது, ஏனென்றால் காந்தங்களுக்கு வெளியே இருக்கும் இடத்தில் புலத்தின் அளவுக்கு உள்ளே ஓர் உச்சம் உண்டாகவே முடியாது, எப்போதும் ஓரத்தில்தான் உச்சம். 1842-ல் எர்ன்ஷா நிறுவிய தேற்றத்தின் வழிவந்த முடிவு இது. புலத்தை நேரத்தோடு மாற்றி மாற்றி வித்தை காட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது வேறு துறை.

‘பூமியின் காந்தம்?’ என்று யாரும் கேட்பதற்கு முன்: 50 மைக்ரோடெஸ்லா, சரிவு என்று சொல்ல எதுவும் இல்லை. உங்கள் துகளைத் திருப்பக்கூட அதற்குத் தெம்பில்லை, திருப்பும் ஆற்றல் வெப்ப ஆற்றலில் ஆயிரத்தில் 3 பங்கு. 1975-ல் பிளேக்மோர் எழுதிய காந்தப் பாக்டீரியாக்கள் பூமியின் புலத்தில் திரும்புகின்றன என்றால், அவற்றுக்குள் பெரிய மேக்னடைட் படிகங்கள் வரிசையாகக் கோத்திருப்பதால். அவையும் இழுபட்டுப் போவதில்லை, திரும்பிக்கொண்டு சொந்தமாக நீந்துகின்றன.


அடிநீர் எழுதியது:

மணலுக்குள் காந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. வாங்கியபடியே போட்ட மணல் என்றால் அதில் இயற்கையாகவே கறுப்பு மேக்னடைட் மணிகள் கலந்திருக்கும். வெளியே காந்தம் வைத்தால் இந்த மணிகள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாகி, தன் ஓரத்தில் மீட்டருக்கு ஆயிரக்கணக்கான டெஸ்லா சரிவை உண்டாக்கும். பக்கத்தில் போகிற துகள் அங்கே போய் ஒட்டும். உலர்ந்த மணலைத் தாளில் பரப்பி, தாளுக்குள் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினால் கறுப்பு மணிகளைப் பொறுக்கிவிடலாம். அதற்குப் பிறகு அமிலத்தில் ஊறவைத்து, தெளியும்வரை கழுவுங்கள். மணல்மணிகளின் மேல் பழுப்பாகப் படிந்த இரும்பு ஆக்சைடு நடுநிலை பிஎச்-ல் நேர் மின்னூட்டமாக இருக்கும், நீங்கள் கஷ்டப்பட்டு எதிர் மின்னூட்டமாக்கிய துகள் நேராக அங்கேதான் போய் உட்காரும். என் பார்வையில் ஆய்வக மணலுக்கும் நிஜ மண்ணுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். பளபளப்பான குவார்ட்ஸில் நன்றாக ஓடியது என்பதை வைத்து நிலத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களுடையது மேக்னடைட், நல்லவேளை. நாங்கள் செலுத்தியது உலோக நானோ இரும்பு. குளோரின் ஏறிய கரைப்பான்களை நிலத்தடியிலேயே சிதைக்க உதவுகிறது என்பதால் 1990-களின் கடைசியிலிருந்து பலர் இறங்கினார்கள், அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தின் வேலை தொடக்ககாலத்தில் முக்கியமானது. இரும்பின் காந்தமாக்கம் மேக்னடைட்டைப் போல நாலு மடங்கு, துகளும் 50, 100 நானோமீட்டர் என்று பெரிது, எனவே வெளிப்புலம் இல்லாமலே ஒவ்வொன்றும் நிரந்தரக் காந்தம். தண்ணீரில் கலந்த சில நிமிடங்களிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டர் கணக்கில் திரண்டுவிடும். பூச்சில்லாமல் விட்டால் கிணற்றுச் சுவரைத் தாண்டி சில சென்டிமீட்டர்தான், பாலிமர் பூச்சோடு சில மீட்டர். முதலில் ஒட்டிய துகள் அடுத்த துகளைக் காந்தத்தால் இழுக்கும், அது இன்னொன்றை இழுக்கும், வளையம் தடிக்கத் தடிக்க அழுத்தம் ஏறி ஒருநாள் கிணறே அடைபட்டு நிற்கும். எங்கள் தளம் ஒன்றில் பம்பின் அழுத்தமானி முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தத் துறையின் முரண்பாடே இதுதான் தம்பி. மணலில் பயணிக்க வேண்டுமென்றால் துகள் தனித்தனியாக இருக்க வேண்டும், காந்தத்தால் பிடிக்க வேண்டுமென்றால் கூட்டமாக இருக்க வேண்டும். ஒரே தண்ணீரில் ஒரே துகளிடம் இரண்டையும் கேட்க முடியாது.


மின்சுருள் எழுதியது:

கறுப்பு வளையத்தைக் கண்ணால் பார்ப்பதை விட நல்ல வழி இருக்கிறது. துகள் காந்தத் தன்மை உள்ளது, மணலும் தண்ணீரும் கிட்டத்தட்ட இல்லை. குழாயைச் சுற்றி வளைய வடிவக் காந்த ஏற்புத்திறன் உணரி ஒன்றை மாட்டி மேலிருந்து கீழே நகர்த்தினால், மணலைத் தோண்டாமலே எந்த ஆழத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று வரைபடமே கிடைக்கும். அரை மணிக்கொருமுறை எடுத்தால் வளையம் நகர்கிறதா, நின்ற இடத்திலேயே தடிக்கிறதா என்று தெரிந்துவிடும். சாதாரணக் கூழ்மங்களோடு வேலை செய்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் கறுப்பு மணிகளை முதலில் நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவி மணலைத்தான் படிக்கும்.

துகளுக்கு முன்னால் உப்புக் கரைசலை ஓட்டி அதன் கடத்துதிறனை மறுமுனையில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துகள் அதைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தால் பதற வேண்டாம். துகளால் மணிகளின் பரப்புக்கு மிக அருகே உள்ள மந்தமான நீர்ப்படலத்துக்குள் நுழைய முடியாது, மிகச் சிறிய துளைகளுக்குள்ளும் போகாது, எனவே வேகமான நடு ஓட்டத்திலேயே அதிக நேரம் இருக்கும். 10 நானோமீட்டரில் வித்தியாசம் சொற்பம், திரண்டிருந்தால் தெரியும். அதனால் இதுவே திரட்சிக்கும் ஓர் அடையாளம்.


மணல்கடிகாரம் எழுதியது:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். சொன்னதை வரிசையாகச் செய்தேன்.

அயனி நீக்கிய நீரை ஓட்டியதில் பழைய வளையம் அசையவில்லை, ஓரங்கள் மட்டும் லேசாகக் கலைந்தன. இடிடிஏ ஓட்டிய பிறகுதான் வேடிக்கை: வளையத்தின் கீழ் விளிம்பு முதலில் மங்கி, ஒரு பழுப்புப் பட்டை அப்படியே குழாய் நெடுக இறங்கி மறுமுனையில் வந்து சேர்ந்தது. முழுதும் வரவில்லை, நுழைவாயிலில் முதல் சில மணிகளுக்கிடையே கறுப்பு தங்கிவிட்டது.

பிறகு மணலைப் பொறுக்கி, அமிலத்தில் கழுவி, பூச்சை பாலிஅக்ரிலிக் அமிலத்துக்கு மாற்றி, 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் ஓட்டினேன். உள்ளே போன நிறமும் வெளியே வரும் நிறமும் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே பூச்சோடு கால்சியத்தில் ஓட்டினால் பாதிக்கும் குறைவாக வருகிறது, ஆனால் சிட்ரேட் மாதிரி 2 செ.மீ.-யில் நிற்கவில்லை, குழாய் நெடுகப் பரவலாகத் தங்குகிறது.

இப்போது மீதிப் பாதி: வெளியே வரும் இந்தத் துகளை எப்படிப் பிடிப்பது? நல்ல பூச்சு போட்டதும் காந்தம் இன்னும் செயலற்றுப் போய்விட்டது.


விசைப்பலகை எழுதியது:

காந்தத்தைப் பெரிதாக்காதீர்கள், சரிவைப் பெரிதாக்குங்கள். மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சைக் குழாய்க்குள் அடைத்து இரண்டு காந்தங்களுக்கு நடுவில் வைத்தால் ஒவ்வொரு இழையின் ஓரத்திலும் மீட்டருக்குப் பத்தாயிரம் டெஸ்லா அளவில் சரிவு உண்டாகும். அங்கே உங்கள் 10 நானோமீட்டர் கருவே நொடிக்கு 25 மைக்ரோமீட்டருக்கு மேல் நகரும், பூச்சின் தடையைச் சேர்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. இழையிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் தூரத்துக்குத்தான் இந்தப் பிடி, அதனால் பஞ்சு அடர்த்தியாகவும் ஓட்டம் மெதுவாகவும் இருக்க வேண்டும். கயோலின் களிமண்ணிலிருந்து இரும்பு மாசு நீக்க 1970-களிலிருந்து தொழிற்சாலைகளில் ஓடுகிற முறைதான் இது.


கூழ்மக்காரி எழுதியது:

இன்னொரு வழி, அடிநீர் சொன்ன முரண்பாட்டையே பயன்படுத்திக்கொள்வது. ‘ஒரே தண்ணீரில்’ முடியாது என்றாரே தவிர தண்ணீரை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. மணலுக்குள் இருக்கும்வரை சோடியம், உயர்ந்த பிஎச். மணலைவிட்டு வெளியே வந்ததும் சேகரிக்கும் பாத்திரத்தில் பிஎச்-ஐ 3 பக்கம் இறக்குங்கள், அல்லது கால்சியத்தைக் கூட்டுங்கள். கார்பாக்சிலேட் முனைகள் மின்னூட்டம் இழந்து துகள்கள் திரளும், அப்போது சாதாரணக் காந்தமே போதும். பிஎச்-ஐ ரொம்பவும் இறக்கி வெகுநேரம் விடாதீர்கள், மேக்னடைட் மெல்லக் கரையும். வேலை முடிந்ததும் பிஎச்-ஐ உயர்த்தி அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். கால்சியத்தால் திரட்டியிருந்தால் இடிடிஏ இல்லாமல் பிரியாது.


பனைமரம் எழுதியது:

கம்பிப் பஞ்சு துருப்பிடிக்குமே? அப்புறம் காந்தத்தை எடுத்ததும் துகள் தானாகக் கழன்று வருமா?


மின்சுருள் எழுதியது:

சாதாரணக் கம்பிப் பஞ்சு துருப்பிடிக்கும், அதில் எண்ணெயும் தடவியிருக்கும், அசிட்டோனில் அலசாமல் போட்டால் உங்கள் தண்ணீரின் மேல் படலம் மிதக்கும். துருப்பிடிக்காத எஃகில் 430 வகை கேளுங்கள். 304 கொடுத்தால் வாங்காதீர்கள், அது காந்தத்தைச் சட்டை செய்யாது.

துகளுக்குத் தனியாகக் காந்த நினைவு கிடையாது, ஆனால் இழைக்கு உண்டு, காந்தத்தை எடுத்த பிறகும் எஃகில் கொஞ்சம் மிஞ்சும். அதனால் தானாகக் கழன்று வரும் என்று காத்திருக்க வேண்டாம். காந்தங்களை விலக்கிவிட்டு, பிடித்தபோது ஓடியதற்கு எதிர்த் திசையில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். அப்படியும் தங்கினால், மாறுதிசை மின்சாரம் ஓடும் சுருளுக்குள் பஞ்சை நுழைத்து மெல்ல வெளியே இழுங்கள், காந்தம் இறங்கிவிடும். மறுபடி மணலில் ஏற்றுவதற்கு முன் ஒளிச்சிதறலில் துகளின் அளவைப் பாருங்கள். 30 நானோமீட்டராகப் போனது 200-ஆகத் திரும்பியிருந்தால் அல்ட்ராசோனிக்கும் புதுப் பூச்சும் இல்லாமல் உள்ளே விடாதீர்கள்.